லேப் தேர்வில் எல்சிடி எழுத்து காட்டவில்லையா? ப்ரோக்ராமைத் தொடுமுன் திரையைப் பாருங்கள்

8051 மைக்ரோகன்ட்ரோலர் லேப் தேர்வில் 16×2 எல்சிடி (வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டும் திரை) ப்ரோக்ராம் வந்து, அவுட்புட் வராவிட்டால் பதற்றத்தில் எல்லோரும் முதலில் கை வைப்பது கோடில்தான். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பவர் கொடுத்ததும் திரை எப்படி இருக்கிறது என்பதே தப்பு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும்.

திரை வெறுமையாக இருந்தால் கான்ட்ராஸ்டுக்கான 3-ஆம் பின்னில் உள்ள 10 கிலோ ஓம் ப்ரீசெட்டை (திருப்பி மாற்றும் ரெசிஸ்டர்) மெதுவாகத் திருப்புங்கள். 5 வோல்ட் மாட்யூல்களில் பெரும்பாலும் அந்தப் பின் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் எழுத்து தெரியும். பேக்லைட் எரிவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது 15, 16-ஆம் பின்களின் தனி சப்ளை.

மேல் வரியில் மட்டும் 16 கறுப்புக் கட்டங்கள் தெரிகிறதா? சப்ளையும் கான்ட்ராஸ்டும் சரி, எல்சிடியைத் தயார் செய்யும் இனிஷியலைசேஷன் கமாண்டுகள்தான் போய்ச் சேரவில்லை. ஆர்எஸ் (வருவது கமாண்டா, எழுத்தா என்று சொல்வது), ஈனேபிள் (வந்ததை எடுத்துக்கொள்ளச் சொல்வது) வயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். டேட்டா லைன்கள் போர்ட் 0-இல் இருந்தால் 10 கிலோ ஓம் புல்-அப் (லைனை சப்ளையோடு இணைக்கும் ரெசிஸ்டர்) கட்டாயம், ஏனென்றால் அந்தப் போர்ட் ஓப்பன் டிரெயின், தானாக 1-ஐத் தராது. ஆர்டபிள்யூவை (படிப்பதா, எழுதுவதா என்று சொல்லும் பின்) கிரவுண்ட் செய்துவிட்டு, பிஸி ஃப்ளாக் (எல்சிடி வேலையாக இருக்கிறதா என்று டி7-இல் காட்டும் பிட்) பார்க்கும் லூப்பைக் கோடில் விட்டுவைத்தாலும் இதே நிலைதான்: டி7 எப்போதும் 1 என்றே படிக்கும், ப்ரோக்ராம் அங்கேயே நின்றுவிடும். தேர்வு நேரத்தில் ஆர்டபிள்யூவை கிரவுண்ட் செய்து, டிலே மட்டும் போடுவதே நல்லது.

அதிகம் குழப்புவது, ஒவ்வொரு பைட்டையும் நான்கு வயரில் பாதி பாதியாக அனுப்பும் 4-பிட் மோட். பவர் கொடுத்ததும் சரியாக வரும். ரீசெட் பட்டனை அழுத்தினால் கன்னாபின்னாவென்று எழுத்து வரும். ரீசெட் ஆவது 8051 மட்டுமே, எல்சிடியின் சப்ளை துண்டாகவே இல்லை, அதனால் அது பழைய நிலையிலேயே இருக்கிறது. ஒரு பைட்டின் முதல் பாதி போனதும் ரீசெட் விழுந்தால், அடுத்து அனுப்பும் பாதியை எல்சிடி பழைய பைட்டின் மிச்சமாக எடுத்துக்கொள்கிறது. அதற்குத்தான் தொடக்கத்தில் 3 என்ற நிப்பிளை (பாதி பைட், 4 பிட்) மூன்று முறை அனுப்புகிறோம். சப்ளை வந்ததும் 15 மில்லி செகண்டுக்கு மேல் காத்திருந்து முதல் 3, பிறகு 4.1 மில்லி செகண்டுக்கு மேல் விட்டு இரண்டாவது, 100 மைக்ரோ செகண்டுக்கு மேல் விட்டு மூன்றாவது. எல்சிடி எந்த நிலையில் இருந்தாலும் மூன்றாவதோடு 8-பிட் மோடுக்கு வந்துவிடும். அதன் பிறகே 4-பிட் மோடுக்கு மாற்றும் 2. அப்புறம் முழு பைட்டாக ஹெக்ஸ் 28, 0சி, 06, 01 என்ற தொடக்கக் கமாண்டுகள். முதல் 3 பழைய 0 நிப்பிளோடு சேர்ந்தால் 03, அதாவது ரிட்டர்ன் ஹோம் (கர்சரைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும்) கமாண்ட் ஆகிவிடலாம். அது முடிய 1.52 மில்லி செகண்ட் ஆகும் என்பதால் அங்கே டிலேயைக் குறைக்கவே கூடாது. வைவாவில் 'ஏன் மூன்று முறை?' என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஹெக்ஸ் 01 க்ளியர் கமாண்டுக்கும் அதே அளவு நேரம் வேண்டும். மற்றவற்றுக்கு 37 மைக்ரோ செகண்ட் போதும். முதல் எழுத்து மட்டும் காணாமல் போனால் க்ளியருக்குப் பின்னால் உள்ள டிலேயைக் கூட்டுங்கள். வேறு கிரிஸ்டலுக்கு எழுதிய டிலே லூப்பை அப்படியே ஒட்டாதீர்கள். 11.0592 மெகா ஹெர்ட்ஸில் ஒரு மெஷின் சைக்கிள் சுமார் 1.085 மைக்ரோ செகண்ட்.

எழுத்து வந்து எண் மட்டும் வராவிட்டால், இலக்கத்தை எழுத்துக் குறியீடாக (ஆஸ்கி) மாற்ற அதோடு ஹெக்ஸ் 30 கூட்டினீர்களா என்று பாருங்கள். கூட்டாமல் 5-ஐ அனுப்பினால் சிஜிரேமில் (நாமே வரையும் உருவங்களுக்கான எல்சிடி மெமரி) உள்ள ஏதோ ஓர் உருவம்தான் வரும். 100-க்கு அடுத்து 99 வரும்போது திரையில் 990 என்று நின்றால் கணக்கு தப்பில்லை, பழைய இலக்கம் அழியவில்லை. அதற்காக லூப்பில் க்ளியர் போட்டால் திரை மினுக்கும். எண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் அனுப்பினாலே போதும்.