சாளையும் சீப்ரா கோடும்

நேற்றுக் காலை களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாறசாலைப் பக்கம் சீப்ரா கோட்டில் ஒரு பாட்டி, தலையில் மீன் கூடை, ஒரு காலை ரோட்டில் வைத்தபடி நிற்கிறார். சட்டென்று பிரேக் போட்டேன். நல்ல பிள்ளை என்று என்னை நானே மெச்சிக்கொள்வதற்குள், பின்னால் வந்த டெம்போ வலப்பக்கமாக ஏறிப் பறந்தது. பாட்டி பதறிப் பின்வாங்க, கூடையிலிருந்து இரண்டு சாளை ரோட்டில் விழுந்தது.

"நீ நின்ன மக்களே, அவன் நிக்கல்லியே!"

சரி, டெம்போக்காரனைத் திட்டலாம். ஆனால் நானும் ஒழுங்காக நிற்கவில்லை. கோடு தூரத்தில் தெரியும்போதே ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்திருக்க வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 14 மீட்டர் போகிறோம். 30 என்றால் 8 தான். கண்ணாடியில் பின்னால் பார்த்து, பிரேக்கை இரண்டு தரம் லேசாகத் தொட்டிருந்தால் சிவப்பு விளக்கு அவனுக்கும் சேதி சொல்லியிருக்கும். நான் கோட்டை ஒட்டி நின்றதில் பாட்டியை மறைத்ததே என் கார்தான். இன்னும் கொஞ்சம் பின்னால் நின்றிருக்கலாம். முன்னால் வண்டி கோட்டருகே நின்றால் முந்தவே கூடாது, அங்கே யாரோ நடக்கிறார்கள் என்று அர்த்தம். 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகளும் நடப்பவருக்கு வழிவிடத்தான் சொல்கின்றன. ஹாரன் அடித்து விரட்டச் சொல்லவில்லை!

ஒரு சாளையைப் பாட்டி எடுத்துக்கொண்டார். இன்னொன்று காக்காய்க்கு.