பூஞ்சை பிடித்த கேசட்

ஜூன் 4, நாகர்கோவில்

ரஃப் கட்டில், அதாவது படத்தின் முதல் தொகுப்பில், இன்னும் எட்டு இடங்கள் காட்சி கிடைக்காமல் கறுப்பாகவே ஓடுகின்றன. 'இங்கே காமராஜர்', 'இங்கே 1956 இணைப்பு' என்று நானே வெள்ளை எழுத்தில் போட்டு வைத்திருக்கிறேன். குமரி மாவட்டத்துத் தேர்தல் மேடைகளைப் பற்றிய ஆவணப்படம். பாதிப் படம் வரை மேடையே வருவதில்லை.

ஜூன் 7

குமரி சென்னை மாநிலத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1-ஐச் சுற்றிய செய்திப்படங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால், மத்திய அரசின் செய்திப்படப் பிரிவான பிலிம்ஸ் டிவிஷனின் ரீல் ஓடும். அரசு எடுத்த படத்துக்கு, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை. 1956-இல் வெளியானது என்றால் 2016 டிசம்பரோடு தீர்ந்தது. டைரக்டரிடம் சொன்னதும், "அப்போ சும்மா கிடைக்குமா?" என்றார். கிடைக்காது. உரிமை தீர்ந்தாலும் பிலிம் அரசின் அலமாரியில்தான் இருக்கிறது. ஸ்கேனுக்கும் பிரதிக்கும் பணம் கட்டத்தான் வேண்டும்.

1969 ஜனவரியில் காமராஜர் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்றார். அதே ஆண்டில் வெளியான செய்திப்படம் என்றால் 2029 கடைசி வரை உரிமை உயிரோடு இருக்கும். அதற்குள் படத்தை முடித்தாக வேண்டுமே!

வெளிநாட்டுக் காப்பகம் ஒன்று பார்வைக்கு ஒரு துண்டு அனுப்பியது. தலைவரின் நெற்றியில் டைம்கோட் (நேரம் காட்டும் எண்கள்) ஓடுகிறது, சட்டை மேல் அவர்கள் பெயர். எனக்கு வேண்டியது 11 நொடி. குறைந்தது 30 நொடிக்குக் காசு கட்ட வேண்டுமாம். அதுவும் திரைவிழாவுக்கு ஒரு விலை, டிவிக்கு ஒரு விலை, ஓடிடிக்கு ஒரு விலை. மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் 12, மார்த்தாண்டம்

காலையிலிருந்து சாரல். முப்பது வருஷத்துக்கு மேலாகக் கல்யாண வீடியோ எடுத்த ஒரு ஸ்டுடியோ. மரப்பலகை பரணில் வி.எச்.எஸ். கேசட்டுகள், எல்லாவற்றிலும் பால் பாயிண்ட் பேனாவால் எழுதிய லேபிள்: பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி. நடுவில் ஒன்றில் மட்டும் 'மீட்டிங் 1989'. அந்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல் ஜனவரியில் நடந்தது. கேசட் வாயைத் திறந்தேன். டேப் சுருளின் ஓரம் முழுக்க வெள்ளைப் பூஞ்சை, சீனி தூவியதுபோல. இந்த ஊர் ஈரத்தில் அது பிடிக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

"மெஷின்ல போட்டுப் பாத்துரலாமா அண்ணாச்சி?" என்றேன், ஆசையில். நல்லவேளை, அவர் கையைத் தட்டிவிட்டார். பூஞ்சையோடு ஓட்டினால் மெஷினில் டேப்பைப் படிக்கும் ஹெட் கெடும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். அடியிலுள்ள ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி, டேப்பை மட்டும் வேறு கூட்டுக்கு மாற்றினார். கையால் மெதுவாகச் சுற்றச் சுற்ற, நான் முகத்தில் துணி கட்டிக்கொண்டு உலர்ந்த மெல்லிய துணியால் பொடியைத் துடைத்தேன். முக்கால் மணி நேரம். அதன்பிறகுதான் விசிஆர் பக்கமே போனோம்.

படம் வந்தது! அடியில் ஒரு பட்டை கோடு கோடாக நடுங்கியது. ட்ராக்கிங் குமிழைத் திருகியதும் தெளிந்தது. வேஷ்டி கட்டிய பேச்சாளர், பின்னால் ட்யூப் லைட் வரிசை, மேடைக்குக் கீழே கடலை விற்கிற பையன். நான்கு மாதமாக இதைத்தானே தேடினேன்.

"எவ்வளவு வேணும் அண்ணாச்சி?"

"மக்களே, கேசட்டு எனக்க கையில இருக்கு. அப்போ உரிமையும் எனக்குத்தான? நீ பாத்துக் குடு."

ஜூன் 13

அப்படி இல்லை என்பதுதான் தலைவலி. காசு வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காக எடுத்த படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கு. அண்ணாச்சியின் பழைய ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினோம். இருந்தது: 'மீட்டிங் வீடியோ, 2 கேசட், அட்வான்ஸ்', அப்புறம் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் பெயர். அவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் குலசேகரத்தில் இருக்கிறார்.

அத்தோடு முடியவில்லை. பொதுமேடைப் பேச்சின் உரிமை பேசியவருக்கு. மேடை ஏறும் முன் மைக் செட்டில் ஒலிக்கும் எம்.ஜி.ஆர். படப்பாட்டு? பாட்டுக்கும் அதன் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமை. முதல் நாலு நிமிஷத்தை வெட்டினேன். கடலைப் பையன் அந்த நாலு நிமிஷத்தில்தான் வருகிறான். எழவு.

ஜூன் 19, தக்கலை

பேச்சாளர் இன்னும் இருக்கிறார், வயதாகிவிட்டது. லேப்டாப்பில் காட்டினேன். பேச்சைக் கேட்கவே இல்லை. "எனக்கு இவ்வளவு முடி இருந்துச்சா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 26

குலசேகரத்து அக்கா சம்மதித்துவிட்டார். பத்திரம் எழுதும் இடத்தில் டைரக்டர் கொடுத்த மாதிரியைப் படித்தேன்: 'இக்காட்சிகளைப் பயன்படுத்த அனுமதிக்கிறேன்.' அவ்வளவுதான். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுத் திரைவிழாவுக்கு அனுப்பப்போகிற படத்துக்கு இந்த ஒற்றை வரி எதற்கு ஆகும்? உரிமைக் காலம் முடியும் வரை, உலகம் முழுக்க, தியேட்டர், டிவி, இணையம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து எழுதினோம். அக்காவுக்குத் தொகையைக் கொடுத்தாயிற்று. கேசட்டுக்கும் உழைப்புக்கும் அண்ணாச்சிக்குத் தனியாக.

சாட்சிக் கையெழுத்து அண்ணாச்சிதான். போட்டுவிட்டு, படத்தின் முடிவில் கடைப் பெயர் வர வேண்டும் என்றார். போர்டில் இருக்கிற மாதிரியே போடுகிறேன் என்றேன்.

"அந்த 'அன்ட் சன்' மட்டும் வேண்டாம் மக்களே. அவன் கடப்பக்கம் வந்தே ஆறு வருஷமாச்சு."