இந்தச் சான்றிதழ் எந்தச் சுவருக்கு?

மரப் பேனல்களுக்கான தீச் சான்றிதழ்களைப் படித்து ஒப்புதல் தருவது பல ஆண்டுகளாக என் வேலை. சுவர்ப் பலகை, உட்கூரைப் பலகை, அரங்குகளில் எதிரொலியைக் குறைக்கப் பொருத்தும் வரிப் பலகை என எல்லாமே ஒரு மாதிரித் துண்டும் ஒரு கோப்புமாக என் மேஜைக்கு வந்து சேரும். கோப்பின் முதல் பக்கத்தில் ‘ஏ வகுப்பு’ என்றோ ‘பி-எஸ்1, டி0’ என்றோ தடித்த எழுத்தில் போட்டிருக்கும். பலர் அந்த வரியைப் பார்த்ததுமே கோப்பை மூடிவிடுகிறார்கள். நான் அதற்குப் பிறகுதான் படிக்கவே தொடங்குகிறேன். எந்தப் பலகை, எவ்வளவு கனம், எந்தப் பூச்சு, பின்னால் என்ன இருந்தது, எப்படிப் பொருத்தினார்கள் என்பதெல்லாம் உள்பக்கங்களில்தான் இருக்கின்றன. தீ வகுப்பு மரத்துக்குத் தருவதன்று, சோதனைக்கூடத்தில் பொருத்திக் காட்டிய அந்த முழு அமைப்புக்குத் தருவது. இதைப் புரியவைப்பதற்கே என் வேலை நேரத்தில் பெரும்பகுதி போகிறது.

அமெரிக்க முறையான ஏ.எஸ்.டி.எம். இ84 சோதனையை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 25 அடி நீளமுள்ள ஒரு சுரங்க அடுப்பு. பலகையை அதன் கூரையில் முகம் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, ஒரு முனையில் எரிவாயுச் சுடரைக் காட்டி, காற்றை ஓடவிட்டு, 10 நிமிடம் தீ எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். சிமென்ட் பலகைக்கு 0, சிவப்பு ஓக் மரத்துக்கு ஏறத்தாழ 100 என்ற அளவுகோலில் தீப்பரவல் எண் கிடைக்கும். 0 முதல் 25 வரை ஏ, 26 முதல் 75 வரை பி, 76 முதல் 200 வரை சி. எந்தப் பதப்படுத்தலும் இல்லாத மரங்களில் பெரும்பாலானவை சி வகுப்பில்தான் விழும்.

ஒரு கலந்தாய்வில், “100 எடுத்திருக்கிறதே, பிறகென்ன?” என்று ஒருவர் கேட்டார். மதிப்பெண்ணைப் போல நினைத்துவிட்டார். இங்கே எண் குறையக் குறையத்தான் நல்லது. அது நிமிடமும் அன்று, சதவீதமும் அன்று, ஓர் ஒப்பீடு மட்டுமே.

புகை விஷயத்தில் இந்த முறை எனக்கு நிறைவு தருவதில்லை. ஏ, பி, சி மூன்று வகுப்புக்கும் புகை எண்ணின் உச்சவரம்பு ஒன்றேதான்: 450. ஆகவே ‘ஏ’ என்ற எழுத்தை மட்டும் வைத்துப் புகை குறைவாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. புகை எண்ணைத் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஈ.என். 13501-1 முறை இந்த இடத்தில் தெளிவானது. ஏ1 முதல் எஃப் வரையான வகுப்புக்குப் பக்கத்திலேயே புகைக்கு எஸ்1, எஸ்2, எஸ்3 என்றும், எரியும் துளிகள் சொட்டுவதற்கு டி0, டி1, டி2 என்றும் தனித்தனியாகக் குறித்துவிடுவார்கள். பதப்படுத்தாத மரம் வழக்கமாக டி-எஸ்2, டி0 (முதலில் வரும் டி வகுப்பு, கடைசி டி0 துளிகளுக்கானது). சோதனையும் வேறு மாதிரியானது. பலகைகளை ஒரு மூலையாக நிறுத்தி, அந்த மூலையில் 30 கிலோவாட் சுடரை வைத்து, எவ்வளவு வேகமாக வெப்பம் வெளியேறுகிறது என்று அளக்கிறார்கள். குப்பைக்கூடை ஒன்று சுவரோரம் பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இது நெருக்கமான பதில். இரண்டு முறைகளும் அளப்பது வேறு வேறு என்பதால், ஒன்றின் வகுப்பை மற்றொன்றின் வகுப்பாக மாற்றி எழுத முடியாது. ‘இதற்குச் சமம்’ என்று விற்பனையாளர் எழுதித் தரும் கடிதத்தை நான் ஏற்பதில்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. “எங்கள் பேனல் 60 நிமிடம் தாங்கும்” என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். நிமிடக் கணக்கு என்பது சுவரோ கதவோ தீயை மறுபக்கம் விடாமல் எவ்வளவு நேரம் தடுத்து நிற்கிறது என்பதற்கானது. நான் கேட்பது அதுவன்று. அறைக்குள்ளேயே தீ பிடித்தால் இந்தப் பலகை அதற்கு எவ்வளவு தீனி போடும் என்பதே என் கேள்வி. இரண்டு கேள்விக்கும் ஒரே மரம் நேர்மாறான பதில் தரலாம். கனமான உத்தரம் நிமிடத்துக்கு 0.65 மில்லிமீட்டர் அளவில் நிதானமாகக் கரியாகும். மேலே சேரும் கரியே உள்மரத்தைக் காக்கும். அதே மரத்தை மெல்லிய வரிகளாக அறுத்து இடைவெளி விட்டு அடித்தால் ஒவ்வொரு வரியும் மூன்று பக்கமும் சூடேறும். அடுப்பு மூட்டியவர்களுக்குத் தெரியும், கட்டை பிடிக்க நேரமாகும், சுள்ளி உடனே பிடிக்கும்.

ஓர் அரங்கப் பணியில் இந்த வேறுபாடுகள் எல்லாம் ஒரே சுவரில் வந்து நின்றன. விநியோகித்த நிறுவனத்தின் சான்றிதழ் பி வகுப்பு. அறிக்கையைப் புரட்டினால், பலகையை எரியாத பலகை ஒன்றின்மேல் இடைவெளியே இல்லாமல் ஒட்டிச் சோதித்திருந்தார்கள். எங்கள் வரைபடத்திலோ சுவரில் ரீப்பர் சட்டம், அதற்கிடையே 50 மில்லிமீட்டர் வெற்றிடம், பலகையின் பின்னால் பாலியெஸ்டர் ஃபெல்ட். வெற்றிடத்துக்குள் தீ நுழைந்தால் அது புகைபோக்கி போல மேலே இழுக்கும், பலகை இரண்டு பக்கமும் எரியும், ஃபெல்ட் உருகும். “மரம் அதேதானே?” என்பதே அந்த நிறுவனத்தின் பதிலாக இருந்தது. மரம் அதேதான், சுவர் வேறு. வாரக்கணக்கில் கடிதம் போய்வந்தது. திறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்ததால் என்மேல் பலருக்கும் வருத்தம். கடைசியில் வெற்றிடத்தை மினரல் வுல் என்ற எரியாத கனிம இழைப் பஞ்சால் நிரப்பி, ஃபெல்ட்டை எடுத்துவிட்டு, அதே அமைப்பில் சோதித்த இன்னோர் அறிக்கையை வரவழைத்துக் கையெழுத்திட்டோம். கட்டடக் கலைஞர் அஞ்சியதுபோல் ஒலியமைப்பும் கெட்டுவிடவில்லை, மினரல் வுல் ஒலியை நன்றாகவே உறிஞ்சும்.

மாதிரித் துண்டு வந்ததும் நான் முதலில் செய்வது அதைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பது. மேலே பூச்சு, அதன்கீழ் வெனீர் என்ற, நகத்தைவிட மெல்லிய மரத்தாள், ஒரு பசைக்கோடு, பிறகு நடுப்பலகை. நடுப்பலகை தீத்தடுப்பு எம்.டி.எஃப். (மர இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) என்றால் அடையாளத்துக்காக அதற்குப் பெரும்பாலும் சிவப்போ இளஞ்சிவப்போ சாயம் ஏற்றியிருப்பார்கள். ஒரு தளத்தில் சுவிட்ச் பெட்டிக்குத் துளை போட்டுக்கொண்டிருந்த தச்சர், வெட்டி விழுந்த துண்டை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். “ஐயா, மாதிரியில் உள்ளே சிவப்பாக இருந்ததே, இது ஏன் பழுப்பாக இருக்கிறது?” சாயம் மட்டுமே சான்று ஆகாது, சாயமில்லாத தீத்தடுப்புப் பலகைகளும் உண்டு. ஆனால் அடுக்கிலிருந்த பலகைகளின் பின்பக்க முத்திரையைப் பார்த்தபோது அவர் சந்தேகம் சரியென்று தெரிந்தது. இறங்கியிருந்தது சாதாரணப் பலகை. அந்தச் சரக்கு முழுவதும் திரும்பிப் போனது. எத்தனை பேர் கையெழுத்திட்ட காகிதங்களைத் தாண்டி வந்த பலகை அது! அதைக் கண்டுபிடித்தது ரம்பத்தைக் கையில் வைத்திருந்தவரின் கண். அன்றிலிருந்து தச்சர்களுக்கு நானே நேரில் விளக்கம் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கவிடுகிறேன்.

பதப்படுத்தும் முறைகளிலும் கவனிக்க நிறைய இருக்கிறது. மரத்துக்குள் அழுத்தத்தில் ஏற்றும் பாஸ்பேட், போரான் உப்புகள் மரம் சூடேறும்போது எரிவாயுவாக மாறுவதைக் குறைத்துக் கரியாக்கும். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் சில உப்புகள் மெல்ல மேலே கசிந்து வெள்ளைப் பொடியாகப் படியும். துடைத்தால் அழகு திரும்பிவிடும், கசிந்துபோன உப்பு திரும்பாது. இந்த நீடிப்பைச் சோதிக்க ஈ.என். 16755 என்று தனித் தரநிலையே இருக்கிறது. மற்றொரு வகை, சூட்டில் பொங்கி நுரையாகி மரத்தை மூடும் பூச்சு. அதன்மேல் பளபளப்புக்காக வேறு ஏதாவது லாக்கரை (வார்னிஷ் போன்ற மேல்பூச்சு) அடித்துவிட்டால் அது பொங்க முடியாமல் போகலாம். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்றால் இன்னும் மோசம், அதுவே சுறுசுறுப்பாக எரியக்கூடியது.

உட்கூரை என்று வந்துவிட்டால் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. சூடான வாயு மேலே ஏறி, கூரையை ஒட்டிப் பக்கவாட்டில் பரவி, அங்கிருந்து வெப்பத்தைக் கீழே உள்ள எல்லாவற்றின்மீதும் வீசும். வெளியேறும் படிக்கட்டுக்கும் தாழ்வாரத்துக்கும் விதிகள் கடுமையாக இருப்பது மக்கள் ஓட வேண்டிய வழி அது என்பதால்தான். 1946இல் சிகாகோவின் லா சால் ஹோட்டலில் வரவேற்புக் கூடத்தின் வார்னிஷ் பூசிய மரப் பலகைகள் வழியே தீ பரவி, புகை மாடிகளுக்கு ஏறியது. 61 பேர் இறந்தார்கள். 2003இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஓர் இரவு விடுதியில் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரையில் வாணவேடிக்கைப் பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள். அது மரமன்று. ஆனால் ஒலிக்காக ஒட்டிய பொருள் என்பதை நான் ஒவ்வோர் அரங்கத்திலும் நினைத்துக்கொள்கிறேன். தாமதத்துக்காக என்மேல் கோபப்படுபவர்களிடம் இந்த இரண்டையும் சொல்வேன். அதன்பின் வாக்குவாதம் பெரும்பாலும் நீளாது.

கட்டடத்தை ஒப்படைக்கும்போது சோதனை அறிக்கையோடு சில உபரிப் பலகைகளையும், பூச்சின் பெயரும் அளவும் எழுதிய தாளையும் பராமரிப்புப் பிரிவிடம் கொடுத்துவிடுகிறேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு பராமரிப்பு அலுவலர் தொலைபேசியில் அழைத்தார். பலகை மங்கிவிட்டது, பாலிஷ் அடிக்க ஆள் வந்து நிற்கிறார், எதை அடிக்கட்டும் என்று கேட்டார். அடிப்பதற்கு முன்பே கேட்டாரே என்று எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பூச்சு தயாரித்தவர்களிடம் பேசி, அவர்கள் அனுமதிக்கும் மேல்பூச்சின் பெயரையும் எத்தனை கை அடிக்கலாம் என்பதையும் எழுத்தில் வாங்கி அன்று மாலையே அனுப்பிவைத்தேன்.