இடையிசை தப்பக் கூடாது

கிளப் விருந்து, கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று மலேசியாவில் சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ வட்டாரத்திலேயே என் கீபோர்டு வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் இசைக்குழு வாசிப்பது எல்லாமே சினிமாப் பாட்டு. "சொந்தமா ஒண்ணும் போட மாட்டீங்களாண்ணே?" என்று கேட்பவர்கள் உண்டு. அடுத்தவர் பாட்டை அச்சு அசலாக வாசிப்பது சின்ன வேலை என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

பாடகர் ஒரு சொல்லை விட்டால் சபை மன்னித்துவிடும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இடையிசையில் குழல் துண்டு ஒன்று விட்டுப்போனால், ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிய காலத்திலிருந்து ரேடியோ கேட்டு வளர்ந்த பெரியவர் பின்வரிசையிலிருந்து நிமிர்ந்து பார்ப்பார்.

1976இல் இளையராஜா வந்தபின் எங்களைப் போன்ற குழுக்களுக்கு வேலை கூடியது. வயலின்கள் அடுக்கடுக்காக எழும். அடியில் பேஸ் கிட்டார் தனி மெட்டாகப் போகும். மேடையில் நாங்களோ ஏழெட்டுப் பேர். அதனால் கீபோர்டை இரண்டாகப் பிரித்துக்கொள்வேன்: இடது பக்கம் வயலின் கூட்டம், வலது பக்கம் குழல். பல்லவியின் கடைசி அடி முடிவதற்குள் இடது கை அடுத்த கார்டில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் அடுத்த சுரக்கூட்டில், இருக்க வேண்டும். அந்த நொடியில் வலது கை பொத்தானைத் தட்டிக் குழலை ஷெனாயாக மாற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். தபேலா, டோலக், உடுக்கை எல்லாம் ஆக்டோபேடு என்ற மின்னணுத் தாளக் கருவியின் எட்டுத் தட்டுகளில். 1992இல் ரஹ்மான் வந்தபோது சிக்கல் வேறு. ஆள் போதாத குறை இல்லை. அந்தச் சத்தமே எங்கள் கருவிக்குள் இல்லை. ஒத்திகையில் இரண்டு மூன்று ஒலிகளைக் கலந்து கலந்து கிட்டத்தட்டப் பிடித்தோம்.

அப்புறம் கட்டை, அதாவது பாடுபவரின் சுருதி. மாப்பிள்ளையின் மாமா திடீரென்று மேடையேறி, "தம்பி, நான் ஒண்ணு பாடுறேன்" என்பார். எந்தக் கட்டை என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. முதல் வரியை முணுமுணுக்கும்போதே சுருதியைப் பிடித்து, கீபோர்டின் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸில் இறக்கிவிடுவேன். மாமா பிரமாதமாகப் பாடினார் என்று வீட்டார் சொல்லும்போது எனக்கு அத்தனை சந்தோஷம்.

தோட்டத்து ஜனம் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர, மேடைகளும் டவுன் மண்டபங்களுக்கு மாறின. 2020 மார்ச் 18இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் அதுவும் நின்றது. மறுபடி மண்டபங்கள் திறந்தபோது பலர் முன்பே பதிவுசெய்த இசை டிராக் போட்டுப் பாடவைத்தார்கள். செலவு குறைவு, சரி. ஆனால் மணமக்கள் வாசலிலேயே ஒரு பாட்டியின் காலில் விழுந்து ஆசி வாங்க நின்றுவிட்டால் டிராக் காத்திருக்காது. நாங்கள் இடையிசையை அப்படியே திரும்பத் திரும்பச் சுற்றுவோம். ஜோடி மேடைப் படியில் கால் வைத்ததும் நான் தலையசைப்பேன், டிரம்மர் ஒரு உருட்டு உருட்டுவார், சரணம் எடுப்போம். புதிதாகச் சேர்ந்திருக்கும் பையனுக்கு இந்தச் சுற்றைத்தான் இப்போது பழக்கிக்கொண்டிருக்கிறோம்.