டிரைவ் சென்னையில், நான் தென்காசியில்

அம்மா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்த சமையல் குறிப்புகளில் பாதியைப் போன வாரம் தென்காசியில் தெரியாமல் அழித்துவிட்டேன். பேக்கப் டிரைவ் சென்னை வீட்டு மேசையில். பதறிப்போய் மேக்புக்கில் உள்ள பேக்கப் வசதியான டைம் மெஷினைத் திறந்தால், அன்று காலை 10 மணி நிலவரம் அப்படியே இருந்தது!

டிரைவ் செருகாதபோதும் டைம் மெஷின் மணிக்கு ஒருமுறை மடிக்கணினியின் உள்வட்டிலேயே ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலவரத்தின் பதிவு) எடுத்து வைக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி நகலெடுப்பதில்லை; பிறகு மாற்றிய, அழித்த பகுதிகளின் பழைய வடிவத்தை மட்டும் விடாமல் பிடித்துவைக்கிறது. ஆயுள் 24 மணி நேரம்தான். வட்டில் இடம் குறைந்தால் அதற்கு முன்பே போய்விடும். அப்புறம், மடிக்கணினி தொலைந்தால் இதுவும் சேர்ந்தே தொலையும்.

சென்னை வந்ததும் முதலில் டிரைவைத்தான் செருகினேன். அம்மாவின் சொதிக் குறிப்பு அதில் ஏறிய பிறகுதான் காபி குடித்தேன்.