பணம் போயிடுச்சா தம்பி?

வெப்சைட் வடிவமைக்கும் வேலைக்கு வந்து பல வருடங்கள் ஆன பிறகும், நான் செய்த ஒரு பக்கத்தை முன்பின் தெரியாத ஒருவர் பயன்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அது நடந்தது ஒரு கல்லூரியின் சேர்க்கை விண்ணப்பத்தால். எங்கள் குழு செய்து கொடுத்த படிவம்தான். நிறையப் பேர் பாதியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள், என்னவென்று பாருங்கள் என்று கல்லூரியிலிருந்து சொன்னார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து எண்களைப் புரட்டியதில் எந்தப் பக்கத்தில் விடுகிறார்கள் என்று தெரிந்ததே தவிர ஏன் என்று பிடிபடவில்லை. சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கடைக்காரரிடமும் வந்தவர்களிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணும் அவளுடைய அப்பாவும் வந்தார்கள். பெயர் எழுதும் இடத்திலேயே நின்றுவிட்டார்கள். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். மதிப்பெண் சான்றிதழில் இருப்பதோ அவள் பெயரும் ஓர் இனிஷியலும் மட்டும். இனிஷியலைப் போட்டால் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பில் வருகிறது. "அப்பா, உங்க பேர முழுசா போட்டுடவா?" என்று அவள் கேட்க, "சர்டிபிகேட்ல இருக்கிற மாதிரி இல்லன்னா நாளைக்கு சீட் இல்லன்னுடுவாங்கம்மா" என்றார். ஏற்கெனவே எங்கோ பயன்படுத்திய படிவத்திலிருந்து அந்த இரண்டு கட்டங்களை அப்படியே எடுத்துப் போட்டவன் நான். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத லட்சக்கணக்கான வீடுகளிலிருந்து பிள்ளைகள் விண்ணப்பிக்கிற இடம் அது என்று எனக்குத் தெரியாதா என்ன? என் பெயரும் இனிஷியலோடுதானே இருக்கிறது. என்னை உறுத்தியது, படிவம் தப்பு என்று அவர்கள் இருவருக்கும் ஒரு கணம்கூடத் தோன்றவில்லை என்பதுதான். தங்கள் பெயரில்தான் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்தார்கள்.

அதற்கு முன்னால் போன் நம்பரைச் சரிபார்க்கும் ஓடிபி. போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அப்பா மூன்று மூன்று எண்ணாகச் சொல்ல, மகள் தட்டினாள். தட்டுகிற எண் வெளியே தெரியாமல் புள்ளியாக மறைத்து வைத்திருந்தோம். நடுவில் விட்டுப்போனால் எங்கே விட்டோம் என்று தெரியாது, முதலிலிருந்து அடிக்க வேண்டும். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதிய கட்டுரையை, மனதில் ஒரே நேரத்தில் ஏழு விஷயங்கள் வரைதான் நிற்கும் என்று சுருக்கி எங்கள் துறையில் அடிக்கடி சொல்வார்கள், அதை வைத்து மெனுவில் ஏழுக்கு மேல் போகக் கூடாது என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். மெனு கண் முன்னால் இருக்கிறது, அதை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 2001-ல் நெல்சன் கோவன் என்ற இன்னொரு உளவியலாளர் இன்னும் குறைத்து, ஏறக்குறைய நான்கு என்றார். அந்தக் கணக்கு உண்மையிலேயே உதவுகிற இடம் இப்படி ஒரு திரையில் பார்த்து இன்னொரு திரையில் அடிக்கிற இடம், அங்கேதான் நாங்கள் கவனிக்கவில்லை.

கடைசியில் பணம் கட்டும் பக்கம். பட்டனை அழுத்தியதும் வெள்ளைத் திரை, நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கிற ஒரு வட்டம், ஒரு எழுத்து கிடையாது. கணினித் திரைகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993-ல் எழுதியது இந்தத் துறையில் எல்லோருக்கும் பாடம்: 0.1 வினாடிக்குள் நடந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும், 1 வினாடி வரை நினைப்பு அறுபடாது, 10 வினாடியைத் தாண்டினால் கவனம் கலைந்துவிடும். ஆனால் அந்த அப்பாவுக்குக் கவனம் கலையவே இல்லை. வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வந்துவிட்டது, திரையில் வட்டம் நிற்கவில்லை. போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கடைக்காரரிடம், "பணம் போயிடுச்சா தம்பி?" என்றார். மகள் பின்னால் போகும் பட்டனை அழுத்தப் போனாள். "பாப்பா, கைய எடும்மா, மறுபடி கட்டச் சொல்லும்" என்று கடைக்காரர் தடுத்தார். நாங்கள் திரையில் எழுதியிருக்க வேண்டிய வார்த்தையை அவர் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார், தினமும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாரோ.

ஒரு தொகை கிடைக்கிற சந்தோஷத்தைவிட அதே தொகையை இழக்கிற வலி பெரியது என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் எழுதினார்கள். நான் அதைப் படித்திருந்தேன். ஆனால் சலுகை இன்றோடு முடிகிறது என்று போட்டு விற்பதற்கான உத்தியாக மட்டுமே என் தலையில் அது இருந்தது. எதையும் விற்காத ஒரு படிவத்தில், ஏற்கெனவே பயந்து வருகிற ஒருவருக்கு அந்த வலியைக் குறைப்பதற்கும் அதே அறிவு வேண்டும் என்று அன்றுதான் பட்டது.

திரும்பி வந்ததும் பெயருக்கு ஒரே கட்டம் வைத்து, சான்றிதழில் உள்ளபடி என்று மேலே எழுதினோம். ஓடிபி எண்கள் வெளியே தெரியும்படி, பெரிதாக. சப்மிட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்த, நிரப்பியதையெல்லாம் அழித்துவிடும் ரீசெட் பட்டனை எடுத்தே விட்டோம், அது யாருக்கும் எதற்கும் உதவியதாக எனக்கு நினைவில்லை. தமிழ்ப் பக்கத்தில்தான் அதிக நேரம் பிடித்தது. "ரத்து செய்ய வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு, கீழே "சரி", "ரத்து" என்று இரண்டு பட்டன் வைத்திருந்தோம். எதை அழுத்தினால் என்ன ஆகும்? இப்போது "விண்ணப்பத்தை அழிக்கவும்", "திரும்பிப் போகவும்" என்று இருக்கிறது. சமர்ப்பி என்ற சொல்லையும் மாற்றினோம், படிவம் நிரப்புகிற யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

வெள்ளைத் திரைக்கு நான்கு வரி எழுத ஒரு வாரம் ஆனது. பணம் எடுத்த பிறகு கட்டணம் கட்டியதாக உறுதியாகாமல் போனால் ஐந்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது. அது பொதுமக்களுக்குத் தெரிய வேண்டிய இடம் அந்தத் திரைதான் என்று பிடிவாதமாக நின்று அதையும் சேர்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வேறொரு வாடிக்கையாளர், இன்னும் 2 இடங்களே உள்ளன என்று ஓடும் ஒரு பொய் எண்ணைப் பக்கத்தில் போடச் சொன்னார். முடியாது என்றேன். 2023 நவம்பரில் மத்திய அரசு ஏமாற்று வடிவமைப்புகள் என்று பட்டியலிட்ட 13-இல் அந்தப் பொய் அவசரமும் ஒன்று, ஆனால் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது சட்டம் இல்லை, போனைப் பிடித்திருந்த அந்தக் கை.

அடுத்த சேர்க்கைக் காலத்தில் மறுபடி அதே கடைக்குப் போனேன். ஓர் அம்மா, பையனோடு. பட்டனை அழுத்தியதும் திரையில் வந்ததை அவர் வாய்விட்டு வாசித்தார்: "பணம் வங்கியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. இரண்டு நிமிடம் வரை ஆகலாம். இந்தப் பக்கத்தை மூட வேண்டாம்." அப்புறம் மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இருடா, ரெண்டு நிமிஷமாம்" என்றார் பையனிடம்.