சொம்பிலிருந்து எடுத்த எண்கள்

1988ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில், வேலூர் சத்துவாச்சாரியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பெரியம்மா மகன், ஆளுக்கொரு பாத்திரமாகி, கதை சொல்லியே ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 1983ஆம் ஆண்டுச் சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். விதிப்புத்தகங்கள் இரண்டும் இருந்தன. பகடைகள் வழியில் தொலைந்திருந்தன. ஆயாவின் பித்தளைத் தாயக்கட்டைகளை எடுத்துப் பார்த்தோம். நான்கு முகமுள்ள இரண்டு கட்டைகளைக் கொண்டு இருபது முகப் பகடையை ஈடுசெய்ய முடியவில்லை. ஒன்று முதல் இருபது வரை துண்டுச் சீட்டுகளில் எழுதி, சொம்பில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். 1979இல் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது, அந்த விளையாட்டை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனமே எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் பெட்டியில் வைத்து விற்றது என்று பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது, அந்தச் சொம்பின் மீது எனக்குப் பெரும் மரியாதை வந்தது.

தாயம் ஆடிப் பழகிய ஆயா, "கட்டம் எங்கடா? காயையும் காணோமே" என்று கேட்டார். "கட்டம் கிடையாது ஆயா. நீ என்ன செய்வேன்னு சொன்னா போதும்" என்றார் அண்ணன். எதிரே மூடிய கதவு இருப்பதாக அவர் சொன்னதும், "நான் திறக்க மாட்டேன், தட்டிப் பாத்து, உள்ள யார்னு கேப்பேன்" என்றார் ஆயா. விதிப்புத்தகத்தைப் புரட்டாமல் சற்று யோசித்த அண்ணன், கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னார்.

அந்தப் பதில் பிறந்த இடத்தை நான் பின்னாளில் தேடிப் போனேன். 1969இல் டேவிட் வெஸ்லி என்பவர், படைகளை நகர்த்தும் போர் விளையாட்டில் ஆளுக்கொரு தனி மனிதரின் பாத்திரத்தைக் கொடுத்து, அவர்கள் எதைச் செய்ய முனைந்தாலும் தாமே தீர்ப்புச் சொன்னார். அதில் ஆடிய டேவ் ஆர்னெசன், பிளாக்மூர் என்ற கோட்டையையும் அதன் அடியில் இருண்ட நிலவறைகளையும் கற்பனை செய்து, நண்பர்களை அவற்றுக்குள் அனுப்பினார். கேரி கைகாக்ஸ் அதை விதிகளாக எழுதி வளர்க்க, 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் மூன்று சிறு நூல்கள் கொண்ட பெட்டியாக 1,000 பிரதிகள் வெளிவந்தன. கைகாக்ஸ் எழுதியிராவிட்டால் அது சத்துவாச்சாரிக்கு வந்திருக்காது என்பதை நான் நன்றியுடன் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆயா தட்டிய கதவு ஆர்னெசனுடையது என்றே எனக்குத் தோன்றுகிறது. கைகாக்ஸ் 2008 மார்ச்சிலும் ஆர்னெசன் 2009 ஏப்ரலிலும் மறைந்தார்கள். இரண்டாமவரின் பெயரை அரிதாகவே கேட்கிறேன் என்பது எனக்கு வருத்தம்.

பிளாக்மூரைப் பற்றி ஏதும் அறியாமலேயே, அண்ணன் மூன்றாம் நாள் ஆட்டத்தை வேலூர்க் கோட்டைக்கு மாற்றினார். அகழியில் முதலைகள் இருந்தன என்றும், கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை ஓடுகிறது என்றும் ஊரில் சொல்லும் கதைகள் எங்களுக்குப் போதுமாயிருந்தன. ஜூன் மாதம் அண்ணன் ஊர் திரும்பியபோது, ஆயாவும் நானும் சுரங்கத்தில் பாதி தூரம்கூடப் போயிருக்கவில்லை.